அகரவரிசைக்கு ஒரு வக்காலத்து

ஜப்பானில் கரவோக்கே அறைக்குள் ஆடுகிற ஒரு விளையாட்டைப் பற்றி எழுதப்போகிறேன். ‘உமக்கும் ஜப்பானுக்கும் என்னய்யா சம்பந்தம்?’ என்று இங்கே வழக்கமாக வந்து படிக்கும் நண்பர்கள் கேட்பார்கள். சம்பந்தமே சம்பந்தம்தான். என் மகள் ஒரு ஜப்பானியரைக் கட்டிக்கொண்டு யோகோஹாமாவில் குடியிருக்கிறாள். மூன்று தடவை போய்த் தங்கிவிட்டு வந்திருக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நான் முப்பத்துநான்கு வருஷம் அரசு அலுவலகத்தில் பதிவேடுகளோடு காலம் தள்ளியவன். இந்த விளையாட்டும் அடிப்படையில் ஒரு பதிவேட்டு விவகாரம். அதில் இப்போது புகுந்திருக்கும் ஒரு கெட்ட பழக்கத்தைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் விளையாட்டைச் சொல்கிறேன். அதன் பெயர் ஷிரித்தோரி. ‘ஷிரி’ என்றால் பின்புறம், ‘தோரி’ என்றால் பிடிப்பது. ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் ஒரு சொல் சொல்ல வேண்டும். ஒருவர் ‘ரிங்கோ’ (ஆப்பிள்) என்பார், அடுத்தவர் ‘கோரிரா’ (கொரில்லா) என்பார், அதற்கடுத்தவர் ‘ரப்பா’ (ஊதுகொம்பு) என்பார். ‘ன்’ என்ற ஒலியில் முடியும் சொல்லைச் சொன்னவர் தோற்றார். ஏனென்றால் அந்த எழுத்தில் ஜப்பானியச் சொல் எதுவும் தொடங்காது. மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது என்று படித்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதையே கரவோக்கே அறையில் பாட்டுகளை வைத்து ஆடுகிறார்கள். ஒருவர் பாடிய பாட்டின் தலைப்பு எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்தில் தொடங்கும் தலைப்புள்ள பாட்டை அடுத்தவர் பாட வேண்டும். பெயரைச் சொன்னால் போதாது, ஒலிபெருக்கியைப் பிடித்துப் பாடியாக வேண்டும். இன்னொரு வகையும் உண்டு. ஓர் எழுத்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்துவிட்டு, அந்தச் சுற்று முழுக்க எல்லோரும் அந்த எழுத்துப் பாட்டாகவே பாட வேண்டும். நம்முடைய பாட்டுக்குப் பாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் பாட்டின் அடியைப் பிடிக்கிறோம், அவர்கள் தலைப்பைப் பிடிக்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்கள் ‘த்ருவா ப்தி ஷா’ என்ற சிறுவர் பாட்டை மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் ஒரு தொடரின் கடைசி ஒலியைப் பிடித்து அடுத்த தொடரைத் தொடங்கும் பாட்டுதான். காரைக்கால் அம்மையார் அந்தாதி பாடிய மண்ணில் பிறந்தவர்களுக்கு இந்த வித்தை ஒன்றும் புதிதல்ல.

ஜப்பானிய எழுத்து இந்த விளையாட்டுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். அவர்களுடைய அசையெழுத்து ‘கனா’. அடிப்படை எழுத்துகள் 46. ஓர் எழுத்துக்கு ஒரு மாத்திரை என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். வரிசையைச் சொல்லிப் பாருங்கள்: அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? இருக்கத்தான் வேண்டும். வடமொழியைச் சித்தம் என்ற எழுத்தில் பயின்ற பௌத்த அறிஞர்கள் வழியாக இங்கிருந்து போன வரிசை அது. ‘ஹ’ இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் ‘ப’ ஒலி இருந்தது என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். அப்படி வைத்துப் பார்த்தால் நம் வரிசையோடு இன்னும் நெருங்கி வரும். என் பேத்தி அதை ஒப்பிக்கும்போது, தமிழ் அரிச்சுவடியைப் பல் விழுந்த வாயால் சொல்வதுபோல் எனக்குக் கேட்கும்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. தமிழில் ரகரம் மொழிக்கு முதலில் வராது. அதனால்தான் இராமன் என்று இகரம் சேர்த்து எழுதினார்கள் நம் முன்னோர். பழைய ஜப்பானியச் சொற்களும் அப்படியே, ரகரத்தில் தொடங்குவதில்லை. சீனத்திலிருந்தும் மேல்நாடுகளிலிருந்தும் வந்த சொற்கள்தான் அந்தப் பக்கத்தை நிரப்பியிருக்கின்றன. ஆனால் ‘ரு’வில் முடியும் சொற்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை, வினைச்சொற்களில் பெரும்பகுதி அப்படித்தான் முடியும். ஆக, ‘ரு’வில் முடித்து அடுத்தவர் கையில் கொடுப்பது கெட்டிக்கார ஆட்டக்காரரின் ஆயுதம். இதற்கு ‘ரூரு’ என்ற சொல்லைக் கேடயமாகப் பிடிப்பவர்கள் உண்டு. விதி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அவர்கள் அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். ‘ரு’வில் தொடங்கி ‘ரு’விலேயே முடியும் அதைச் சொல்லிவிட்டால் சனியன் கொடுத்தவனிடமே திரும்பிப் போய்விடும்.

பாட்டு ஆட்டத்தில் ‘ரு’ வந்தால் என்ன ஆகும்? யாரோ ஒருவர் இனோவே யோசுயியின் ‘ரிபாசைடோ ஹோத்தெரு’ (1982) பாடி முடிக்கிறார் என்று வையுங்கள். ஆற்றங்கரை ஓட்டல் என்று பொருள். கடைசி எழுத்து ‘ரு’. அடுத்தவர் தேரவோ அகிராவின் ‘ரூபீ நோ யுபிவா’வைப் பிடித்தால் பிழைத்தார். மாணிக்க மோதிரம். 1981இல் ஜப்பான் ரெக்கார்டு விருது வாங்கிய பாட்டு. பாடியவர் நடிகரும்கூட, குரோசாவாவின் ‘ரான்’ படத்தில் மூத்த மகனாக வருவாரே, அவரேதான். அது ‘வா’வில் முடிகிறது. அடுத்து கோயனாகி ருமிகோவின் ‘வத்தாஷி நோ ஜோக்காமச்சி’ (1971), என் கோட்டை நகரம். அது ‘ச்சி’யில் முடிய, இட்சுகி ஹிரோஷியின் ‘ச்சிக்குமாகாவா’ (1975) என்ற ஆற்றுப் பாட்டு வரும். மறுபடி ‘வா’. இப்படிப் போகும்.

‘ரு’வுக்கு ‘ரூஜு நோ டெங்கோன்’ பாடினால்? அராய் யூமி 1975இல் பாடியது. உதட்டுச்சாயத்தில் எழுதிய செய்தி. 1989இல் மியாசாக்கி தம் சிறு சூனியக்காரிப் படத்தில் எடுத்துப் போட்டதால் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் பாருங்கள், அது ‘ன்’னில் முடிகிறது. பாடினால் கைதட்டல் கிடைக்கும், ஆட்டம் போய்விடும். யோனேசு கென்ஷி 2018இல் பாடிய ‘லெமன்’ பாட்டுக்கும் அதே கதி. இன்னொரு பக்கம் சாகாமோட்டோ கியூ 1961இல் பாடிய ‘உயே ஓ முய்த்தே அருக்கோ’. எழுத்தில் அது ‘உ’வில் தொடங்கி ‘உ’விலேயே முடிகிறது. ஷிரித்தோரிக்காரர்களுக்கு அது தங்கக் காசு. இந்தப் பாட்டைத்தான் 1963இல் மேல்நாட்டு வியாபாரிகள் ‘சுக்கியாக்கி’ என்று பேர் மாற்றி விற்றார்கள். அமெரிக்கப் பட்டியலில் அது முதலிடத்துக்குப் போனது. சுக்கியாக்கி என்பது மாட்டுக்கறிச் சமையல். நிமிர்ந்து பார்த்து நடப்போம் என்று கண்ணீரை அடக்கிக்கொண்டு ஒருவன் பாடுகிற பாட்டுக்கு, வாயில் எளிதாக நுழைகிறது என்பதற்காகக் குழம்பின் பெயரை வைத்தார்கள். முதலிடம் கிடைத்தது, பெயர் போய்விட்டது.

நான் சண்டைக்கு வரும் இடம் இதுதான். பாட்டுகளை அடுக்க உலகத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று எழுத்து வரிசை, இன்னொன்று தர வரிசை. கரவோக்கேயில் முன்பு எழுத்து வரிசை ஆண்டது. இப்போது தர வரிசை ஆள்கிறது. இது முன்னேற்றம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கரவோக்கேயின் கதை தெரிந்ததுதான். கோபே நகரத்து மதுக்கடைகளில் வாசித்துக்கொண்டிருந்த இனோவே டைசுக்கே, 1971இல் ஒலிநாடா ஓடும் பெட்டியைச் செய்து வாடகைக்கு விட்டார். காப்புரிமை வாங்கவில்லை. 2004இல் வேடிக்கை நோபல் பரிசுக்காரர்கள் அவருக்கு அமைதிக்கான பரிசு கொடுத்தார்கள். மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புது வழி கண்டுபிடித்தாராம்! அதன்பிறகு தனித்தனி அறைகள் வந்தன. 1992 முதல் தொலைபேசிக் கம்பி வழியாகப் பாட்டு வரத் தொடங்கியது. தையல் இயந்திரம் செய்துகொண்டிருந்த பிரதர் நிறுவனம்கூட அந்தத் தொழிலில் இறங்கியது. அந்தக் காலத்து அறைகளில் மேசைமேல் தொலைபேசி டைரக்டரி தடிமனுக்குப் பாட்டுப் புத்தகம் கிடக்கும். எல்லாம் கனா வரிசை. பாட்டுக்கு எதிரே ஓர் எண். எண்ணை அழுத்தினால் பாட்டு வரும். அந்தப் புத்தகத்தில் பெரிய பாட்டு, சின்னப் பாட்டு கிடையாது. பத்து லட்சம் இசைத்தட்டு விற்ற பாட்டும், பாடியவரின் உறவினர் மட்டும் வாங்கிய பாட்டும் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்த வரியில் கிடக்கும்.

இப்போது புத்தகம் போய்த் தொடுதிரை வந்துவிட்டது. அதிலும் எழுத்து வழியாகத் தேடலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதிகம் பாடப்படும் பாட்டு வரிசைக்கென்று ஒரு தனிப் பொத்தான் இருக்கிறது. எல்லோர் விரலும் அங்கேதான் போகிறது. எல்லோரும் பாடுவதால் அது மேலே இருக்கிறது, மேலே இருப்பதால் எல்லோரும் பாடுகிறார்கள். செக்குமாடுகூட எண்ணெய் கொடுக்கும், இந்தச் சுற்றில் ஒரு சொட்டும் வராது.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. ஷிரித்தோரி ஆடுபவர்களுக்கு உதவி என்று சொல்லிக்கொண்டு ‘ரு எழுத்துப் பாட்டுகள்’, ‘ரி எழுத்துப் பாட்டுகள்’ என்று பட்டியல் போடுகிறார்கள். நல்ல காரியம்தானே என்று பேத்தியிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை பத்துப் பாட்டோடு, இருபது பாட்டோடு முடிந்துவிட்டன. அதுவும் புகழ் வரிசையில், சமீபத்தியது முதலில். தலைப்பில் எழுத்து வரிசை, உள்ளே தர வரிசை. எங்கள் அலுவலகத்தில் இப்படி யாராவது அட்டவணை தயாரித்துக்கொண்டு வந்திருந்தால், ‘மீதிப் பெயரெல்லாம் எங்கே?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்போம். அட்டவணைக்கு ஒரே ஒரு தர்மம்தான்: எதையும் விடக்கூடாது. பொறுக்கி எடுத்த பத்துப் பெயருக்கு அட்டவணை என்று பெயரில்லை, சிபாரிசு என்று பெயர்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதைச் சொன்னால் புரியும். நம் ஊரில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவை எத்தா சிவில் என்றுதான் இன்றும் பெரியவர்கள் சொல்கிறோம். பிரெஞ்சு முறைப்படி வருஷா வருஷம் பெயர் வரிசை அட்டவணை உண்டு. பத்து வருஷத்துக்கு ஒருமுறை தொகுப்பு அட்டவணை, ‘தாபிள் தெசெனால்’. கப்பல் வியாபாரி வீட்டுக் குழந்தையும் கள்ளிறக்குகிறவர் வீட்டுக் குழந்தையும் ஒரே எழுத்து என்றால் அதில் பக்கத்துப் பக்கத்து வரி. தெருவில் தள்ளி நின்றவர்கள் தாளில் ஒட்டி நின்றார்கள். யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்த இடமல்ல அது. எழுத்து கொடுத்த இடம். அதனால்தான் எவனாலும் அதைப் பிடுங்க முடியவில்லை.

ஒரு பாட்டறையில் அந்த இடம் யாருக்கு வேண்டும் என்று கேட்டால், என் சம்பந்தியம்மாளுக்கு வேண்டும் என்பேன். எண்பதைத் தாண்டியவர். குடும்பத்தோடு கரவோக்கே போன முதல் தடவை, பேரப்பிள்ளைகள் தர வரிசையைத் தட்டித் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் இரண்டு மணி நேரமும் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, தாளம் தெரியாத பாட்டுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். நானும்தான், ஆனால் நான் வெளியூர்க்காரன். அவர் தம் மொழிப் பாட்டுகளுக்கு நடுவிலேயே விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். அடுத்த தடவை பேத்தி ஷிரித்தோரி ஆடலாம் என்றாள். ஆட்டம் சுற்றி வந்து ‘ரி’யில் நின்றது. சிறுசுகளுக்கு யோசனை ஓடவில்லை. அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ‘ரிங்கோ நோ உத்தா’ என்றார். ஆப்பிள் பாட்டு. 1945 ஆகஸ்டில் போர் முடிந்தது, அக்டோபரில் வந்த படத்தில் நமிகி மிச்சிக்கோ பாடியது. எரிந்துபோன நகரங்களில் பசியோடு இருந்தவர்கள் பாடிய பாட்டு. அதைப் பாடும்போது இவருக்கு என்ன நினைவு வந்ததோ, நான் கேட்கவில்லை. பாடி முடித்ததும் பேத்தி, ‘பாட்டி, இது யார் பாட்டு?’ என்று கேட்டாள். அன்று இரவு உணவு நேரம் முழுக்க அந்த அம்மாள்தான் பேசினார். மகளால் எனக்கு மொழிபெயர்த்து மாளவில்லை.

அவருக்கு அந்த முறையைக் கொடுத்தது ‘ரி’ என்ற எழுத்து. ‘பாட்டியையும் ஒரு பாட்டுப் பாட விடுங்கப்பா’ என்று யாராவது சொல்லியிருந்தால் அது தயவு. அவர் ‘வேண்டாம், வேண்டாம்’ என்று கையை ஆட்டியிருப்பார். எழுத்து கேட்டால் அது ஆட்ட விதி. யாரும் யாருக்கும் கடன்பட வேண்டாம்.

எனக்கு வரக்கூடிய மறுப்புகள் தெரியும். ‘ஜனங்களுக்குப் பிடித்ததை முன்னால் வைப்பதில் என்ன தப்பு?’ ஜனங்களுக்குப் பிடித்ததை ஜனங்களே ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், அதற்குப் பட்டியல் எதற்கு? மறந்துபோனதைத் தேடத்தான் பட்டியல் வேண்டும். தெரிந்த பத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிற பட்டியல், வழி தெரிந்தவனுக்கு மட்டும் வழி காட்டுகிற கைகாட்டி மரம்.

‘பட்டியலைப் பார்த்து ஆடினால் அது ஆட்டமா? நினைவிலிருந்துதானே வர வேண்டும்?’ என்று கேட்கிற பழைமைவாதிகள் இன்னொரு பக்கம். அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. சொல் விளையாட்டில் நினைவிலிருந்துதான் வர வேண்டும், சரி. பாட்டு விளையாட்டில் பட்டியலில் பெயரைக் கண்டுபிடித்தாலும் ராகம் தெரியாமல் ஒருவன் என்ன பாடிவிடுவான்? பெயரைப் பார்த்ததும் ‘அட, இது அப்பா முணுமுணுத்த பாட்டாயிற்றே’ என்று ஞாபகம் வந்தால்தான் ஒலிபெருக்கியைத் தொட முடியும். பட்டியல் கதவைத் தட்டுகிறது, உள்ளே ஆள் இருந்தால்தானே திறக்கும். நாற்பத்தைந்து வயது மாப்பிள்ளைக்கே தம் அப்பா காலத்துப் பாட்டு இருபது இப்படித்தான் மீண்டு வந்தது.

‘வளர்ந்தவர்கள் எழுத்தைப் பிடித்து விளையாடுவது சிறுபிள்ளைத்தனம்’ என்பது மூன்றாவது மறுப்பு. இதைச் சொல்பவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும், தம் மொழியில் எழுத்தைக் கொண்டு கட்டிய செய்யுளையெல்லாம் முதலில் கிழித்துப் போட்டுவிட்டு வரட்டும், பேசலாம்.

ஆகவே பட்டியல் போடுபவர்களுக்கு ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவரின் யோசனை. எல்லாப் பாட்டையும் போடுங்கள். பாடியவர் பெயரையும் வருஷத்தையும் போடுங்கள், பேரன் தாத்தாவிடம் கேட்க ஒரு நூல் கிடைக்கும். தலைப்பின் முதலெழுத்துக்கு ஒரு கட்டம் இருப்பதுபோல் கடைசி எழுத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள், சங்கிலி ஆட அதுதான் வேண்டும். ‘ன்’னில் முடிவதற்கு ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். நீட்டல் குறியில் முடியும் தலைப்புக்கு எந்த எழுத்தைப் பிடிப்பது என்று வீட்டுக்கு வீடு விதி மாறும், அதற்கு ஓரத்தில் இடம் விடுங்கள். புகழுக்கு மட்டும் கட்டம் போடாதீர்கள்.

பிரெஞ்சில் ‘ரெப்பெர்த்துவார்’ என்று ஒரு சொல் உண்டு. பள்ளிக்கூட நாளில் எங்கள் பைக்குள் கிடந்தது, ஓரத்தில் படிப்படியாக எழுத்து வெட்டிய நோட்டு. அதற்கும் அதே பெயர். ஒரு பாடகர் கைவசம் வைத்திருக்கும் பாட்டுகள் மொத்தத்துக்கும் அதே பெயர். மனிதனுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் எழுத்து வெட்டிய ஒரு நோட்டில் இருப்பதாக அந்த மொழி நினைத்திருக்கிறது.

போன தடவை போனபோது அப்படி ஒரு நோட்டை இங்கிருந்து வாங்கிப் போய்ப் பேத்தியிடம் கொடுத்தேன். ஓரத்தில் கனா எழுதி ஒட்டினோம். ‘ரு’ பக்கத்தில் இதுவரை ஏறியிருப்பது மூன்று: மாணிக்க மோதிரம், உதட்டுச்சாயச் செய்தி, பிறகு ‘ரூபான் சான்செய் நோ தேமா’. நாங்கள் பள்ளியில் வாசித்த மொரீஸ் லெப்லான் கதைத் திருடன் லூப்பேனின் பேரனாக ஜப்பானியர்கள் ஒருவனை உண்டாக்கினார்கள், அவனுடைய பாட்டு. எதில் எது பெரிய பாட்டு, நட்சத்திரம் போடட்டுமா என்று தொலைபேசியில் கேட்டாள். போடக்கூடாது, அடுத்த ‘ரு’வைத் தேடு, பாட்டியிடம் கேள் என்று சொல்லிவிட்டேன்.